கருத்தறிதலுக்கு உட்பட்ட குப்பை

குப்பையை அள்ளுங்கள் என்று எழுதிக் கொடுத்தவன் நான்தான். மனுவை வாங்கியவர் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டார். உட்காரச் சொன்னார். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்டார். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

எங்கள் குடியிருப்பின் பின்பக்கம் வாய்க்கால் ஓரமாக ஒரு சைக்கிள் பாதை தொடங்குகிறது. ஐந்தரைக் கிலோமீட்டர் போய், ஊரின் மறுபுறம் ஆஸ்பத்திரித் தெருவில் முடியும். நடுவில் ஒரு மேம்பாலத்துக்கு அடியில் பாதை சட்டென்று வளையும். அந்த வளைவில் என்றைக்கோ ஒருவர் ஒரு பாட்டிலை எறிந்திருக்கிறார். அது தனியாகக் கிடக்கிறதே என்று இன்னொருவர் துணைக்கு ஒன்று எறிந்திருக்கிறார். நான் மனு எழுதிய சமயத்தில் அங்கே இருந்தவை: இரண்டு சாக்கு கொள்ளும் அளவுக்கு உடைந்த பாட்டில், வயிறு கிழிந்த மெத்தை ஒன்று, காய்ந்துபோன பெயின்ட் டப்பாக்கள், கழிப்பறைப் பீங்கான் ஒன்று. அந்தப் பீங்கானைப் பற்றிப் பல நாள் யோசித்திருக்கிறேன். அதைச் சுமந்து வந்த மனிதர் அவ்வளவு சிரமப்பட்டதற்கு, பாதி தூரத்திலேயே இருக்கும் குப்பைக் கிடங்குக்குப் போயிருக்கலாம். ஆனாலும் வாய்க்கால்வரை வந்திருக்கிறார். ஏதோ ஒரு பிடிவாதம்.

நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்க்கிறவன். இருபத்திரண்டு வருடமாக அந்தப் பாதையில்தான் வேலைக்குப் போகிறேன். மாதம் இரண்டு பஞ்சர் எனக்குப் பழகிவிட்டது. எனக்காக மட்டும் என்றால் மனு எழுதியிருக்க மாட்டேன்.

என் மனைவிக்கு வேலை கிடைத்திருந்தது. ஆஸ்பத்திரித் தெருவில் உள்ள ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். அவள் அதற்குத்தான் படித்தவள். கல்யாணமான புதிதில் இரண்டு வருடம் அந்த வேலை பார்த்தாள். பிறகு என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வந்தது என் அப்பாவுக்கு. வேலையை விட்டது அவள். பதினோரு வருடம் அவரைப் புரட்டிப் படுக்க வைத்து, துடைத்து, ஊட்டி, போன வருடம் வழியனுப்பி வைத்தாள். நாற்பத்து மூன்று வயதில் மறுபடியும் விண்ணப்பம் போட்டு, தேர்வு எழுதி, வேலையை வாங்கிவிட்டாள். அடுத்த மாதம் ஒன்றாம் தேதி சேர வேண்டும். வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் விடிந்ததும் வந்து நிற்பார்கள் என்பதால் வேலை ஆறரைக்குத் தொடங்கும். முதல் பஸ் ஏழேகாலுக்கு. மற்ற வழி நெடுஞ்சாலை. ஓரம் என்று ஒன்று இல்லாத, சரக்கு லாரிகள் ஓடுகிற சாலை. ஆகவே அவள் குடியிருப்பு மைதானத்தில் இரண்டு மாதம் விழுந்து எழுந்து சைக்கிள் பழகினாள்.

முதன்முதலாகப் பாதையில் ஓட்டிப் பார்க்கப் போன அன்று வளைவில் டயர் வெடித்தது. விழுந்தாள். உள்ளங்கையில் கண்ணாடி ஏறி மூன்று தையல்.

"வளைவுல மட்டும் இறங்கித் தள்ளிக்கிட்டுப் போயேன்" என்றேன்.

"ஏறத் தெரியும், ஓட்டத் தெரியும். இறங்குறதுதான் இன்னும் என் கையில இல்ல" என்றாள். பிறகு கட்டுப் போட்ட கையைப் பார்த்தபடி, "இந்தக் கையில இன்னொரு தடவை வெட்டுப்பட்டா ஊசி பிடிக்க முடியாதுங்க. ஒண்ணாம் தேதிக்குள்ள அள்ளிடுவாங்களா?" என்று கேட்டாள்.

இருபத்தாறு நாள் இருந்தது. "தாராளமா" என்றேன்.

நகராட்சியில் சுகாதாரப் பிரிவின் எழுத்தர் என் மனுவை இரண்டு முறை படித்தார். கையெழுத்து அழகாக இருப்பதாகப் பாராட்டினார். முத்திரை குத்தப்போன கை, என் கணுக்காலைப் பார்த்ததும் நின்றது.

"கால்ல என்ன சார் கிளிப்பு?"

"சைக்கிள்ல வந்தேன். பேன்ட் செயின்ல மாட்டாம இருக்க."

அவர் முத்திரையைக் கீழே வைத்தார். "அடடா. சைக்கிள்காரரா நீங்க? அப்ப இது எங்கிட்ட வராதே."

"குப்பை அள்ளுறது உங்க பிரிவுதானே?"

"குப்பை எங்களுதுதான். ஆனா சைக்கிள்காரர் பார்த்த குப்பை எங்களுது இல்ல. நடந்து போறவங்க எழுதிக் குடுத்தா ரெண்டு நாள்ல அள்ளிடுவோம். கார்க்காரர்னா அன்னைக்கே. சைக்கிள்காரங்களுக்குத் தனியாத் திட்டமே வந்திருக்கு. மூணாவது மாடி, கருத்தறியும் பிரிவு."

"அப்ப நான் நடந்து போனதா எழுதிக்குங்களேன்."

"சார்" என்றார், மெல்லிய குரலில். "அரசாங்க ஆபீஸ்ல உட்கார்ந்துக்கிட்டுப் பொய் எழுதச் சொல்றீங்களே."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மூன்றாவது மாடிக்கு ஏறினேன்.

அங்கே மேற்பார்வையாளர் ஒரு இளம்பெண். உற்சாகமானவர். என் மனுவைப் பார்த்ததும் பிறந்தநாள் பரிசைப் பிரிக்கிறவர் மாதிரி முகம் மலர்ந்தார்.

"இத்தனை வருஷமா என்ன நடந்துச்சு தெரியுமா சார்? குப்பை விழும், அள்ளுவாங்க. சைக்கிள் ஓட்டுறவங்களுக்கு அதைப் பத்தி என்ன தோணுதுன்னு ஒரு ஆள் கேட்டதில்ல. எவ்வளவு சர்வாதிகாரம் பாருங்க."

"எனக்குத் தோணுறதைத்தான் எழுதியிருக்கேன். அள்ளணும்."

"அது ஒரு கருத்து. குறைஞ்சது முந்நூத்து எண்பத்தஞ்சு வேணும். புள்ளியியல் சார். அதுல ஒண்ணு குறைஞ்சாலும் அது கருத்து இல்ல, புலம்பல்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் குப்பையை யாரும் தொடாமப் பார்த்துக்குவோம். கவலைப்படாதீங்க. அள்ளிட்டா அப்புறம் எதைப் பத்திக் கருத்துக் கேக்குறது?"

ஒன்றாம் தேதிக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டே படியிறங்கினேன்.

ஒன்று சொல்ல வேண்டும், அவர்கள் சுறுசுறுப்பானவர்கள். மூன்றாம் நாளே வளைவில் இரும்புக் கம்பம் நட்டு, கம்பி கட்டிவிட்டார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் எண் கொடுத்துச் சீட்டு ஒட்டினார்கள். பீங்கானுக்கு முதல் எண். மெத்தைக்கு இரண்டு. கண்ணாடித் துண்டுகளைக் குவியல் குவியலாகப் பிரித்து இருநூற்றுப் பன்னிரண்டு வரை போனது கணக்கு. 'இங்குள்ள குப்பை கருத்தறிதலுக்கு உட்பட்டது. தொடாதீர்கள்' என்று பலகை. வேலியும் பலகையும் பாதையில் பாதிக்கு மேல் எடுத்துக்கொண்டதால் சைக்கிளுக்கு மீதி இருந்தது இரண்டடி. அந்த இரண்டடியிலும் கண்ணாடி இருந்தது. அது கடைசியாக எண்ணப்பட்ட குவியல் என்பதால் வேலிக்குள் கொள்ளவில்லையாம்.

அடுத்த வாரம் மதிய இடைவேளையில் எட்டிப் பார்த்தேன். பெரிய குடைக்கு அடியில் மேசை போட்டு மேற்பார்வையாளரும் இரண்டு கணக்கெடுப்பாளர்களும் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே பாதை வெறிச்சென்று கிடந்தது.

"நாலு நாளா ஒரு சைக்கிள்கூட வரல சார்" என்றார் மேற்பார்வையாளர். "இந்தப் பாதையை யாராவது பயன்படுத்துறாங்களான்னே மேலிடத்துல கேக்குறாங்க."

"காலையில ஆறுலேருந்து எட்டரைக்குள்ள வாங்கம்மா. வழியில நிக்க முடியாது, அவ்வளவு பேர் போவாங்க."

"ஆபீஸ் பத்தரைக்குத்தான் திறக்கும். கணக்கெடுப்பு பதினொண்ணுலேருந்து நாலு வரைக்கும்."

"அந்த நேரத்துல சைக்கிள்காரங்க வேலையில இருப்பாங்களே."

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "அப்போ அவங்களுக்குக் கருத்துச் சொல்ல ஆர்வம் இல்லைன்னுதானே அர்த்தம்?"

மறுநாள் அந்தக் குறையும் தீர்ந்தது. பிரிவே நான்கு சைக்கிள்களை எங்கிருந்தோ வரவழைத்து, தன் ஊழியர்கள் நான்கு பேரை ஏற்றி வளைவைச் சுற்றி ஓட்டவிட்டுக் கருத்துக் கேட்டது. ஜீப் ஓட்டுநர் சீட் உறுத்துகிறது என்றார். கோப்பு தூக்குகிறவர் மூச்சு வாங்குகிறது என்றார். இரண்டும் 'இதர கருத்துகள்' என்ற பத்தியில் ஏறின.

வீட்டில் இதைச் சொன்னேன். என் மனைவி தையல் பிரித்த உள்ளங்கையை மடக்கி விரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் பதினாறு நாள்" என்றாள் கடைசியில். "கருத்து எல்லாம் அவங்க கேட்டுக்கிட்டே இருக்கட்டும். நாளைக்கு ஞாயித்துக்கிழமை. வெளக்கமாறு எடுங்க."

விடிந்ததும் போனோம். கம்பிக்குள் குனிந்து நுழைந்து, இரண்டு சாக்கு நிறையக் கண்ணாடியைக் கூட்டி அள்ளினோம். பெருக்கிய இடத்தில் நான் மண்டியிட்டு விரல் நுனியால் தரையைத் தடவிப் பார்த்தேன். கண்ணாடி தேய்க்கிறவனின் விரலுக்கு, கண்ணுக்குத் தெரியாத சில்லுகூடத் தெரியும். மெத்தையை உருட்டி ஓரமாகத் தள்ளினோம். பீங்கானை இருவரும் சேர்ந்து ஒரு முறை அசைத்துப் பார்த்தோம்.

"விடுங்க. அது குடும்பத்தோட குடியேறிடுச்சு" என்றாள்.

சாக்குகளைக் கிடங்கில் போட்டுவிட்டு, அவள் அந்த வளைவில் மூன்று முறை போய் வந்தாள். மூன்று முறையும் சிரித்துக்கொண்டே வந்தாள். அப்பாவின் படுக்கையருகே இருந்த பதினோரு வருடத்தில் அந்தச் சிரிப்பை நான் பார்த்த ஞாபகம் இல்லை.

திங்கட்கிழமை மாலை வேலை முடிந்து வரும்போது வளைவில் கண்ணாடி பளபளத்தது. பழையதைவிட அதிகமாக. பக்கத்தில் நாற்காலி போட்டுச் சீருடையில் ஒருவர். புதிதாக நியமிக்கப்பட்ட குப்பைக் காவலர்.

"என்ன இது?" என்றேன்.

"யாரோ திருடிட்டுப் போயிட்டாங்கண்ணே. நல்லவேளை, போட்டோ இருந்துச்சு. அதைப் பார்த்து ஒவ்வொண்ணா அதே இடத்துல வெச்சோம். பழைய பாட்டில் எங்க தேடியும் கிடைக்கல. புதுசா வாங்கி நானே உடைச்சேன். காலையிலேருந்து இதான் வேலை." நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "காத்துல, மழையில கொஞ்சம் போகும்ல? அதுக்காகச் சேதாரக் கழிவு பத்து சதவிகிதம் கூடுதலாப் போடச் சொல்லிட்டாங்க."

"ஓ."

"நீங்க தினம் இந்த வழியாப் போறவர்தானே. சொல்லுங்க, பழசு மாதிரியே இருக்குல்ல?"

அவர் முகத்தில் இருந்த எதிர்பார்ப்பை என்னால் தாங்க முடியவில்லை. "நல்லா வந்திருக்கு" என்றேன்.

அந்த வாரமே கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. நகராட்சி வாசலில் காவலாளி தடுத்தார். கூட்டத்துக்குள் சைக்கிள்காரர்களுக்கு மட்டுமே அனுமதி. சைக்கிள்காரர் என்பதற்குச் சான்றாகச் சைக்கிளைக் காட்ட வேண்டும். ஆனால் வளாகத்துக்குள் சைக்கிளுக்கு அனுமதி இல்லை, புல்வெளி கெட்டுவிடும்.

"அப்ப நான் எப்படிப் போறது?"

"முன்சக்கரத்தைக் கழட்டி எடுத்துட்டுப் போங்க சார். எல்லாரும் அப்படித்தான் போயிருக்காங்க" என்று ஒரு ஸ்பானரை நீட்டினார். அவர் அதற்கென்றே வைத்திருந்தார்.

நான்காவது மாடி அரங்கில் இருபத்து மூன்று பேர், மடியில் ஆளுக்கு ஒரு சக்கரத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். தூங்கும் குழந்தையை வைத்திருப்பது போல் பத்திரமாகப் பிடித்திருந்தார்கள். மேடையில் துணை ஆணையர் பேசத் தொடங்கினார்.

"நானும் உங்களில் ஒருத்தன்தான். தினமும் காலையில நாற்பது நிமிஷம் சைக்கிள் மிதிக்கிறேன். என் படுக்கையறையில, ஜன்னலோரமா நிறுத்தியிருக்கேன். ஆறு வருஷத்துல ஒரு நாள்கூட என் வழியில நான் குப்பையைப் பார்த்ததில்ல. அதனால சைக்கிள்காரர்களோட பிரச்சினை என்னன்னு எனக்கு ரொம்ப நல்லாத் தெரியும்."

கைதட்டினார்கள். முன்வரிசையில் இருந்த ஊழியர்கள்.

"இந்தப் பிரிவு தொடங்கினப்போ நகரத்துல கருத்தறியத் தகுந்த குப்பைக் குவியல் மூணே மூணுதான். இன்னைக்கு நாற்பத்தொண்ணு. இது சாதாரண வளர்ச்சி இல்ல. முன்னாடி ஒரு குப்பை விழுந்தா மறுநாளே காணாமப் போயிடும். அதைப் பத்திப் பேசக்கூட யாருக்கும் அவகாசம் இருக்காது. இன்னைக்கு ஒவ்வொரு குப்பைக்கும் ஒரு எண் இருக்கு, ஒரு கோப்பு இருக்கு, காவல் இருக்கு. குப்பைக்குக் கிடைக்கிற மரியாதை மனுஷனுக்குக் கிடைக்கிற நாள் வெகுதூரத்துல இல்ல."

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெல்டர் சக்கரத்தை அணைத்தபடி எழுந்தார். "ஐயா, குப்பை அங்க தானா வரல. கார்ல போறவங்க பாலத்து மேலேருந்து எறியறாங்க. அவங்ககிட்ட ஏதாச்சும் கேட்டீங்களா?"

துணை ஆணையர் புன்னகைத்தார். "நல்ல கேள்வி. கார்களை நிறுத்தினா போக்குவரத்து கெடும். எண்ணெய் வீணாகும். சைக்கிளை நிறுத்துறது சுலபம். காலை ஊன்றினா நின்னுடும். கருத்தறிதல்ல செலவில்லாத முறைகளைத்தான் தேர்ந்தெடுக்கணும்."

வெல்டர் உட்கார்ந்தார். நான் எழுந்தேன். முந்நூற்று எண்பத்தைந்து கருத்து வந்துவிட்டால் எப்போது நடவடிக்கை என்று கேட்டேன். அன்றைக்கே என்றார். இப்போது எத்தனை இருக்கிறது என்று கேட்டேன். அவர் மேற்பார்வையாளரைப் பார்த்தார்.

"நாலு சார்" என்றார் மேற்பார்வையாளர். "நாலும் நம்ம ஆளுங்க."

அந்தக் கணத்தில்தான் எனக்கு அந்த யோசனை தோன்றியது. மிச்சத்தை நானே வாங்கித் தருகிறேன் என்றேன். மேற்பார்வையாளர் கண்கலங்கிவிட்டார். ஒரு கட்டுப் படிவத்தை என் சக்கரத்தின் மேல் வைத்தார்.

படிவத்தை அன்று மாலை மனைவியோடு உட்கார்ந்து படித்தேன். முதல் கேள்வி: 'குப்பையை நீங்கள் பெரும்பாலும் எதனால் உணர்கிறீர்கள்? கண் / மூக்கு / சக்கரம்.' ஆறாவது: 'குப்பை அமைந்துள்ள விதம் உங்களுக்கு நிறைவளிக்கிறதா?' பன்னிரண்டாவது: 'இதே குப்பையை வேறு எங்கே பார்க்க விரும்புவீர்கள்?' அள்ள வேண்டுமா என்ற கேள்வி மட்டும் இல்லை. படிவத்தை வாங்கும்போதே மேற்பார்வையாளரிடம் அதைக் கேட்டிருந்தேன். அது விடையைத் திணிக்கிற கேள்வி என்று சொல்லிவிட்டார்.

பதினேழாவது, கடைசிக் கேள்வி: 'தற்போதுள்ள நிலையில் இந்தப் பாதையில் செல்ல விரும்புகிறீர்களா? ஆம் / இல்லை.'

"இது போதும்" என்றாள் என் மனைவி. "அத்தனை பேரும் இல்லைன்னு போட்டா மரமண்டைக்கும் புரியும்."

அவளே முதல் படிவத்தை நிரப்பினாள். 'இல்லை'யைச் சுற்றி வட்டம் போட்டு, பேனா தாள் கிழியும் அளவுக்கு அழுத்தினாள். அடுத்ததை நான் நிரப்பினேன்.

எட்டு நாள் காலை ஐந்தே முக்காலிலிருந்து வளைவில் நின்றேன். சைக்கிளிலிருந்து காலை ஊன்றிய நிலையிலேயே எல்லோரும் எழுதிக் கொடுத்தார்கள். அத்தனை பேருக்கும் கருத்து இருந்தது. இரவுப் பணி முடிந்து வந்த நர்ஸ்கள் இருவர், பீங்கானையாவது மூடி போட்டு மூடுங்கள் என்றார்கள். செய்தித்தாள் போடுகிறவருக்கு மெத்தை மேல் பிரியம். "போன மழையில வழுக்கி அது மேலதான் சார் விழுந்தேன். அதை மட்டும் விட்டுவைக்கச் சொல்லுங்க." முழங்கால் வலிக்காகச் சைக்கிள் ஓட்டும் ஓய்வுபெற்ற தபால்காரர், "முப்பது வருஷமா இந்த வழியாப் போறேன். எறியற முகம் ஒண்ணைக்கூடப் பார்த்ததில்ல. எனக்கென்னவோ தானா முளைக்குதோன்னு சந்தேகம்" என்றார். ஒருவர் குப்பை இருப்பதால்தான் தான் நிதானமாகப் போவதாகவும், இல்லையென்றால் எப்போதோ வாய்க்காலில் விழுந்திருக்கக் கூடும் என்றும் நன்றியோடு சொன்னார். ஆனால் பதினேழாவது கேள்விக்கு எல்லோரும் 'இல்லை'யில் வட்டம் போட்டார்கள். போட வைத்தேன் என்றும் சொல்லலாம்.

பிரிவின் நான்கு ஊழியர்களும் ஏற்கெனவே 'இல்லை' என்றுதான் எழுதியிருந்தார்கள். அவர்களுக்குச் சைக்கிளில் எந்தப் பாதையிலும் செல்ல விருப்பமில்லை.

எட்டாம் நாள் ஒன்று குறைந்தது. பஞ்சர் கடைக்காரர் சைக்கிளில் வந்தார். எட்டு நாளாக என்னைப் பார்க்காதவர் போல் போய்க்கொண்டிருந்தவர்.

"நீங்க மட்டும்தான் பாக்கி" என்றேன்.

"உங்க டயரை இருபது வருஷமா ஒட்டிக் குடுத்திருக்கேன். எம் பொழப்புல மண்ணைப் போடக் கையெழுத்துக் கேக்குறீங்களே, நியாயமா?"

"என் வீட்டுக்காரி விழுந்துட்டா. கையில தையல்."

அவர் கொஞ்ச நேரம் கண்ணாடிக் குவியலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பிறகு கையை நீட்டிப் பேனாவை வாங்கிக்கொண்டார்.

முப்பதாம் தேதி மாலை கடிதம் வந்தது. முத்திரை, கையொப்பம் எல்லாம் இருந்தது. தங்கள் அயராத முயற்சியால் 385 கருத்துகளும் பெறப்பட்டன. 385 பேரும் ஒரே குரலில் தெரிவித்த விருப்பம் எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றப்பட்டுள்ளது. நாளை காலை முதல் பாதை முற்றிலும் தூய்மையாக இருக்கும் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

என் மனைவி அதை இரண்டு முறை படித்தாள். "நீங்க கெட்டிக்காரர்தான்" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஒன்றாம் தேதி ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினோம். முதல் நாள் என்பதால் நானும் கூடப் போனேன். பாதையின் தொடக்கத்தில் புதிதாக ஒரு இரும்புக் கேட் இருந்தது. பூட்டியிருந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம், பார்வை எட்டுகிற தூரம் வரை பாதை கழுவித் துடைத்த மாதிரி கிடந்தது. ஒரு காகிதத் துண்டு இல்லை. ஒரு சருகுகூட இல்லை. இருபத்திரண்டு வருடத்தில் அதை அப்படி நான் பார்த்ததில்லை. அழகாக இருந்தது.

குப்பைக் காவலர் கேட்டுக்கு உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, பலகையைக் காட்டினார்.

'இப்பாதையில் செல்ல விருப்பமில்லை என்று ஏகமனதாகத் தெரிவித்த 385 மிதிவண்டியோட்டிகளின் கருத்துக்கு மதிப்பளித்து, மிதிவண்டிகளுக்கு இன்று முதல் அனுமதி இல்லை. தூய்மை காப்போம்.'

"குப்பையை அள்ளிட்டீங்களே அண்ணே" என்றாள் என் மனைவி. "அப்புறம் எதுக்குப் பூட்டு?"

"கருத்தறிதல் முடிஞ்சிடுச்சும்மா. முடிஞ்சதும் நேத்தே அள்ளிட்டாங்க. சைக்கிள் போகாததால இனிமே இந்தப் பாதையைப் பத்திப் புகாரே வராதாம். நகரத்துலயே முதல் இடம் குடுக்கப் போறாங்களாம்."

"நடந்து போகலாமா?"

"நடக்கிறவங்க போகலாம்மா. சைக்கிளைத் தள்ளிக்கிட்டுப் போனா சைக்கிள்காரங்கதான்." தலையைக் குனிந்துகொண்டார். "மேல கேமரா இருக்கும்மா. இல்லைன்னா விட்டிருப்பேன்."

நடந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இருந்தது நாற்பது நிமிடம்.

அவள் என்னைத் திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. கைப்பிடியைத் திருப்பி, சைக்கிளை நெடுஞ்சாலைப் பக்கம் நகர்த்தினாள்.

லாரிகள் போகிற பக்கமாக நான் ஓட்டினேன். முதல் லாரி கடந்தபோது அதன் காற்று எங்கள் இருவரையும் ஒருசேர ஓரத்துச் சரளையில் தள்ளியது. அவள் ஏதோ சொன்னாள், கேட்கவில்லை. இரண்டாவது லாரிக்கு அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அதை நான் பார்த்தேன். சாலை ஓரம் முழுக்க வெடித்த டயர்த் துண்டுகள், இரும்புத் தூள், எண்ணெய்த் திட்டுகள், எந்த வண்டியிலிருந்தோ கழன்ற ஒரு நீள ஆணி. அவற்றுக்கும் லாரிக்கும் நடுவே இரண்டு சாண் அகலத்தில் அவள் போய்க்கொண்டிருந்தாள்.

பரிசோதனைக் கூடத்து வாசலில் இறங்கியபோது மணி ஆறு முப்பத்து நான்கு. எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வெறும் வயிற்றோடு ஒன்பது பேர் காத்திருந்தார்கள். கண்ணாடிக் கதவு வழியாக அவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கையுறை போட்டுக்கொண்டாள். கைகள் நடுங்கின. முதலாவதாக உட்கார்ந்திருந்த முதியவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பி, உள்ளங்கைகளை மேசையில் அழுத்தி, அப்படியே நின்றாள். கூடத்தின் பொறுப்பாளர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு அவள் திரும்பினாள். முதியவர் கையை நீட்டினார். ஊசி ஒரே முறையில் இறங்கியது.

நான் கடைக்குப் போய் என் தேய்ப்புக் கல்லின் முன் உட்கார்ந்தேன். சரியாகப் பதினொரு மணிக்குப் போன் வந்தது. மேற்பார்வையாளர். குரலில் அதே உற்சாகம்.

"வாழ்த்துகள் சார்! உங்க பாதையோட வெற்றியைப் பார்த்துட்டு, திட்டத்தை நெடுஞ்சாலைக்கும் விரிவுபடுத்தச் சொல்லி உத்தரவு வந்திருக்கு. உங்களைத்தான் முதல்ல கேக்குறேன். நெடுஞ்சாலை ஓரத்துல குப்பை ஏதாவது பார்த்தீங்களா?"

தேய்ப்புக் கல் சுற்றிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினேன்.

"இல்லம்மா. ரொம்பச் சுத்தமா இருக்கு."

"கொஞ்சம்கூடவா?"

"ஒண்ணுமே இல்ல."

ஏமாற்றத்தோடு மூச்சு விடும் சத்தம் கேட்டது. காகிதம் புரட்டினார். "பரவால்ல சார். குப்பை நாங்க ஏற்பாடு பண்ணிக்கலாம். அந்த ரோட்டுல சைக்கிள்ல போறவங்க யாராவது இருக்காங்களா? உங்களுக்குத் தெரிஞ்சவங்க, உங்க வீட்டுல, யாராவது?"

"யாரும் இல்லம்மா" என்றேன். "அந்த வழியா யாருமே போறதில்ல."